எம்.டி. முடித்த பின் ஓராண்டு ஃபெலோஷிப்பா, இன்னொரு முறை நீட் எஸ்.எஸ். தேர்வா?

பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, பழைய வண்ணாரப்பேட்டையில் குடும்பத்தோடு வசிக்கும் ஒரு மருத்துவர் கேட்டிருப்பது இது: உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ். தேர்வில் எதிர்பார்த்த தரவரிசை வரவில்லை. இரைப்பை-குடல் துறையில் டி.எம். என்னும் உயர் சிறப்புப் பட்டப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை; நகரத்தின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்று அதே துறையில் ஓராண்டு ஃபெலோஷிப் தர முன்வந்திருக்கிறது; அதில் சேரலாமா, மறுபடி தேர்வு எழுதலாமா, போதனா மருத்துவமனையில் கிடைக்கும் பயிற்சிக்கும் இதற்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

வடசென்னையின் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து, முதுநிலை மாணவர்களோடு வார்டு சுற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரைப்பை-குடல் மருத்துவராகத்தான் ஆக வேண்டும் என்ற உறுதி இருக்குமானால், இந்த ஓராண்டுப் பயிற்சியை டி.எம். படிப்புக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக ஃபெலோஷிப் என்றாலே வீண் என்று நான் சொல்லவில்லை; எந்தக் கட்டத்தில், எந்தத் துறையில், யாருடைய மேற்பார்வையில் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும்.

முதலில் சான்றிதழ் விஷயம். எம்.டி.க்குப் பிறகு இந்தியாவில் உயர் சிறப்பு மருத்துவராக அங்கீகாரம் பெற வழி இரண்டுதான். ஒன்று, மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மூன்றாண்டு டி.எம். படிப்பு, அறுவை சிகிச்சைத் துறைகளில் அதுவே எம்.சிஎச். இன்னொன்று, தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் மூன்றாண்டு டி.ஆர்.என்.பி.; இது பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் ரயில்வே போன்ற துறைசார் மருத்துவமனைகளிலும் நடக்கிறது. எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற தனித் தேர்வு நடத்தும் தேசிய நிறுவனங்களைத் தவிர்த்தால், இரண்டுக்கும் நுழைவாயில் நீட் எஸ்.எஸ். தேர்வே. இவற்றுக்கு அடுத்த நிலையில், அதே வாரியம் குறிப்பிட்ட சில பிரிவுகளுக்கு மட்டும் எஃப்.என்.பி. என்ற இரண்டாண்டு ஃபெலோஷிப் நடத்துகிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கும் கீழே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஃபெலோஷிப்புகள், துறைச் சங்கங்கள் தரும் சான்றிதழ்கள், ஒரு மருத்துவமனை தன் பெயரிலேயே அச்சடித்துத் தரும் சான்றிதழ்கள் என்று பல இருக்கின்றன. உங்களுக்கு வந்திருப்பது இந்தக் கடைசி வகை என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. அதை வைத்து மருத்துவக் கல்லூரியின் இரைப்பை-குடல் துறையில் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. மருத்துவக் கவுன்சிலில் டி.எம். பதிவு செய்வதைப் போல அதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யவும் இயலாது. பெயர்ப் பலகையில் எதைப் போட்டுக்கொள்ளலாம் என்ற கேள்வி பிறகு நுகர்வோர் ஆணையத்தில் எழுந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே தவிர, சான்றிதழ் தந்த மருத்துவமனை அல்ல.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களோ சீனியர்களோ, அங்கே ஃபெலோஷிப் முடித்தவர்தான் நிபுணர் என்று சொல்வார்கள். அது உண்மைதான். அங்கே உள்மருத்துவத்தில் மூன்று ஆண்டு ரெசிடென்சி முடித்தவர் மேலும் மூன்று ஆண்டு இரைப்பை-குடல் ஃபெலோஷிப் செய்கிறார். அந்தப் பயிற்சியை ஏ.சி.ஜி.எம்.இ. என்ற அமைப்பு அங்கீகரித்துக் கண்காணிக்கிறது. அதன் பிறகு துறை வாரியத் தேர்வு இருக்கிறது. ஆகவே அவர்களுடைய ஃபெலோஷிப் நம்முடைய டி.எம். படிப்புக்கு இணை, நம் ஊரின் ஓராண்டுப் பயிற்சிக்கு இணை அல்ல. அங்கேயும் இ.ஆர்.சி.பி. (குழாய்க் கேமரா வழியாகப் பித்த, கணையக் குழாய்களுக்குச் செய்யும் சிகிச்சை), எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (அதே வழியில் உள்ளிருந்தே எடுக்கும் ஸ்கேன்) போன்ற கடினமான வேலைகளைக் கற்க அந்த மூன்று ஆண்டுகளுக்கு மேல் இன்னொரு வருடம் செலவிடுகிறார்கள். அந்தக் கூடுதல் வருடத்தைத்தான் நம் ஊரில் டி.எம். முடித்தவர் செய்யும் ஃபெலோஷிப்போடு ஒப்பிடலாம்.

சான்றிதழ் பற்றி இவ்வளவு போதும். நான் கவலைப்படுவது கைக்கு வரும் தேர்ச்சியைப் பற்றி.

உடலுக்குள் குழாய்க் கேமராவைச் செலுத்தும் எண்டோஸ்கோப்பி, வெறுமனே பார்த்துக் கற்கும் வேலை அல்ல. அமெரிக்க இரைப்பை-குடல் எண்டோஸ்கோப்பிச் சங்கம் ஒரு காலத்தில் உணவுக்குழாய், இரைப்பையைப் பார்க்கும் மேல் எண்டோஸ்கோப்பிக்கு 130, பெருங்குடலைப் பார்க்கும் கோலனோஸ்கோப்பிக்கு 140 என்று ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை வைத்திருந்தது. அத்தனை செய்து முடித்தவர் தேர்ந்தவர் என்பது அதன் பொருள் அல்ல. அத்தனை செய்த பிறகே அவருடைய திறமையை அளந்து பார்க்கத் தொடங்கலாம் என்பதுதான். பின்னர் வந்த ஆய்வுகள் கோலனோஸ்கோப்பிக்கு அந்த எண் 275 வரை ஆகும் என்று காட்டின. இ.ஆர்.சி.பி.க்கு 200 என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்கு வந்த வாய்ப்பைப் பாருங்கள். அந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை கோலனோஸ்கோப்பி நடக்கிறது என்பது விளம்பரத்தில் இருக்கும். அவற்றில் ஃபெலோ தம் கையால் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) வரை கொண்டுபோனவை எத்தனை என்பதுதான் தெரிய வேண்டியது. ரொக்கம் கட்டியோ காப்பீட்டிலோ வந்து, தலைமை நிபுணரின் பெயரைச் சொல்லி அவரையே கேட்டு வரும் நோயாளியின் உடம்பில், பயிற்சியாளர் கையில் ஸ்கோப்பைக் கொடுக்க எந்த நிர்வாகமும் தயங்கும். அந்தத் தயக்கத்தில் தவறு இல்லை. ஆனால் வருடம் முடியும்போது நீங்கள் ஆயிரம் கேஸ்கள் பார்த்திருப்பீர்கள், செய்தவை சொற்பமாக இருக்கும்.

போதனா மருத்துவமனையில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். காசிமேட்டிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ நாற்பது வயதுக்காரர் ஒருவரை இரவு ஒரு மணிக்கு ஆட்டோவில் கொண்டுவருகிறார்கள். பல வருடக் குடி, வீங்கிய வயிறு, மஞ்சள் கண், சட்டையெல்லாம் ரத்த வாந்தி. கேஷுவாலிட்டியில் இருப்பவர்கள் இரண்டு பெரிய ஊசிகளைப் போட்டு, ரத்தம் ஏற்பாடு செய்து, ரத்தக்கசிவைக் குறைக்க டெர்லிப்ரெசினும் நோய்த்தொற்றைத் தடுக்க செஃப்ட்ரியாக்சோனும் தொடங்குகிறார்கள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிலைப்பட்ட பின், வந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். நோயாளியை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் பல்தடுப்பு மாட்டி, தொண்டை மரத்துப்போக லிக்னோகெய்ன் தெளித்து ஸ்கோப்பை இறக்குபவர் இரண்டாம் ஆண்டு டி.எம். மாணவர். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்துக்கு மேலே, புடைத்த நாளம் ஒன்றிலிருந்து ரத்தம் பீய்ச்சுகிறது. திரை முழுவதும் சிவப்பு. கழுவி, உறிஞ்சி, இடத்தைக் கண்டுபிடித்து, ஸ்கோப்பின் நுனியில் மாட்டிய மூடிக்குள் அந்த நாளத்தை உறிஞ்சி இழுத்து, மூடி நிறைந்து பார்வை முழுதும் சிவந்ததும் கைப்பிடியைத் திருக்கி ரப்பர் பேண்டை விட வேண்டும். அவசரப்பட்டு முன்பே விட்டால் பேண்ட் பிடிக்காது. அந்த நேரத்தில் அருகில் நிற்கும் உதவிப் பேராசிரியர் கையை நீட்டி ஸ்கோப்பைப் பிடுங்குகிறாரா, அல்லது ‘இன்னும் கொஞ்சம் உறிஞ்சு, இப்போ விடு’ என்று சொல்லிக்கொண்டே நிற்கிறாரா என்பதில்தான் பயிற்சியின் தரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்ப்பது, பிறகு ஸ்கோப்பை வெளியே எடுக்க மட்டும் கை வைப்பது, பிறகு சாதாரணக் கேஸில் உள்ளே செலுத்துவது, பிறகு ஆசிரியர் கண்ணெதிரே சிகிச்சை செய்வது, கடைசியில் ஆசிரியர் அடுத்த அறையில் இருக்கத் தானே செய்வது என்று இந்தப் படிகளை ஏற மூன்று வருடம் தேவைப்படுகிறது. அதை ஒரு வருடத்தில் முடித்துத் தருகிறோம் என்பவர் எந்தப் படியை விட்டுவிடுகிறார் என்று கேட்க வேண்டும்.

நான் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பக்கத்து ஆள் என்பதால் அந்தப் பெருமையில் இதைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1782-இல் பஞ்ச காலத்துக் கஞ்சி ஊற்றும் சத்திரமாகத் தொடங்கிய இடத்தில் வளர்ந்த மருத்துவமனை அது. இன்றும் ராயபுரத்துப் பாட்டிகள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே 1971-இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு தொடங்கியபோது, அதற்கு வேண்டிய நோயாளிகளை வெளியிலிருந்து அழைத்துவர வேண்டியிருக்கவில்லை. அச்சகங்களும் லேத் பட்டறைகளும் பிரஸ் எந்திரங்களும் மணலி, எண்ணூர் ஆலைகளும் சூழ்ந்த பகுதியில் விரல் நசுங்கியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் அறுவை மருத்துவர்கள் அங்கே கற்க வந்ததற்கு அந்த வரிசையும் ஒரு காரணம். கல்லீரல் நோய்க்கும் இது பொருந்தும். ஒரு துறையின் பயிற்சி, அந்த ஊரின் நோய் எதுவோ அதில்தான் ஆழமாக அமையும். ஆகவே எந்த இடத்தில் எந்தத் துறையைக் கற்கலாம் என்று தேர்ந்தெடுக்கும்போது, கட்டடத்தைப் பார்ப்பதைவிட அதன் வாசலில் காலை எட்டு மணிக்கு யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும்.

தனியார் மருத்துவமனைக்குரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். புதிய கருவிகள் அங்கே முன்னால் வருகின்றன. மயக்க மருந்து நிபுணர் பக்கத்திலிருக்க நிதானமாக வேலை நடக்கிறது. எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைப்பது போன்றவற்றைச் சில தனியார் மையங்களில் அரசு மருத்துவமனைகளைவிட அதிகமாகப் பார்க்கலாம். கருவி பழுதானால் மறுநாளே மாற்றுகிறார்கள். அரசுத் துறையில் அதற்குக் கோப்பு நகர வேண்டும். அதனால்தான் டி.எம். முடித்த பிறகு அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒரு வருடம் இருப்பதை நான் எப்போதும் ஊக்குவித்து வந்திருக்கிறேன். அடிப்படை கைக்கு வந்தவருக்கு அந்த வருடம் நிறையத் தரும். அடிப்படை இல்லாதவருக்கு அது வேடிக்கை பார்க்கும் வருடமாகவே முடியும்.

போதனா மருத்துவமனையில் கற்பதற்கு இன்னொன்றும் இருக்கிறது. மாணவர் செய்த சிகிச்சைகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் அதற்கு இடமில்லை. மேலே சொன்ன நோயாளியின் மனைவி வார்டு வாசலில் நிற்கிறார். ‘குழாய் விட்டா உயிருக்கு ஆபத்தா டாக்டர்? விடாம மருந்துலயே பாக்க முடியாதா?’ என்கிறார். அவரிடம் கையெழுத்து வாங்குவது ஒரு நிமிட வேலை. ரத்தம் எங்கிருந்து வருகிறது, பேண்ட் போட்டாலும் மறுபடி வர வாய்ப்பு உண்டு, போடாவிட்டால் என்ன ஆகலாம், குடியை நிறுத்தாமல் இதில் எதுவும் நிற்காது என்பதை அவருக்குப் புரியும் தமிழில், பயமுறுத்தாமலும் பொய்யாகத் தேற்றாமலும் சொல்ல ஒரு மாணவருக்கு மாதங்கள் பிடிக்கின்றன. நல்ல யூனிட் சீஃப் இதையும் பக்கத்தில் நின்று கேட்டுத் திருத்துவார். எல்லா சீஃப்பும் அப்படி இல்லை என்பதும் உண்மை.

ஆய்வையும் தட்டிக்கழிக்க வேண்டாம். மூன்று வருடத்தில் ஆய்வு ஒன்றைச் செய்ய வேண்டியிருப்பதைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். பல ஆய்வுகள் சடங்காகவே முடிகின்றன என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இந்த நகரத்தின் ஏழை நோயாளிகளை வைத்துத்தான், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவது சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்குக் குறைந்ததல்ல என்று 1959-இல் நிறுவியது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையின் போக்கை அது மாற்றியது. நம் வார்டில் தினமும் பார்ப்பதிலிருந்து ஒழுங்கான கேள்வி ஒன்றைக் கேட்கும் பழக்கம் நல்ல போதனா மருத்துவமனையில் ஒட்டிக்கொள்ளும். ஓராண்டு ஃபெலோஷிப்பில் அதற்கு நேரம் இருப்பதில்லை.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். ஒரு வருடத்தைத் தேர்வுக்காக ஒதுக்குவதென்றால், வீட்டில் உட்கார்ந்து படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போதனா மருத்துவமனை ஒன்றில் சீனியர் ரெசிடென்டாக (முதுநிலை முடித்தவர்களுக்கான பணி) இருந்தபடி படிக்கலாம். கைப்பழக்கம் விட்டுப்போகாது, ஆசிரியர் பதவிக்கான அனுபவமும் சேரும். உங்களுக்கு இருக்கும் இன்னொரு வழியைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களில் 50 சதவீதத்தை ஒதுக்கி மாநில அரசு 2020 நவம்பரில் ஆணை பிறப்பித்தது. வழக்குக்குப் பிறகு 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செயல்படுத்த அனுமதித்தது. அரசு மருத்துவராகச் சில காலம் வேலை பார்த்துவிட்டு அந்த வழியில் வருபவருக்கும் நீட் எஸ்.எஸ். தேர்வு உண்டு, ஆனால் அவர் போட்டியிடும் களம் சிறியது. நேரம் ஆகும் என்பதுதான் அதன் விலை. வடசென்னையிலேயே வாழ்ந்து வேலை பார்க்க விரும்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வழியைத்தான்.

வேறு துறையை யோசிக்க முடியுமா என்பதையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இதயமும் குடலும் வேண்டும் என்பவர்கள்தான் கூட்டம். சில உயர் சிறப்புத் துறைகளில் ஆண்டுதோறும் இடங்கள் நிரம்பாமல் போகின்றன, அதற்காகக் கூடுதல் சுற்றுக் கலந்தாய்வுகளும் நடக்கின்றன. முடக்குவாத மருத்துவம், தொற்றுநோய் மருத்துவம் போன்றவற்றில் பொது மருத்துவம் படித்தவருக்கு இடமும் உண்டு, வேலையும் உண்டு. டெங்கு, எலிக் காய்ச்சல், காசநோய் என்று மழைக்காலத்தில் இந்தப் பகுதியின் வார்டுகளில் படுக்கை கிடைக்காத நிலையைப் பார்த்தவருக்கு, தொற்றுநோய் மருத்துவம் இரண்டாம் தரத் தேர்வு என்று தோன்றாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: மனம் ஒப்பாமல் ஓரிடத்தில் சேர்ந்து, நடுவில் விட்டுவிட்டு வருவது சுலபம் அல்ல. இடையில் விலகினால் அபராதத் தொகை உண்டு. படித்து முடித்த பின் அரசுக்கு வேலை செய்ய வேண்டிய பாண்ட் உண்டு. அவற்றின் அளவும் காலமும் அவ்வப்போது மாறுகின்றன, ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டையே வரிவரியாகப் படியுங்கள். சீனியர் சொன்ன தொகையை நம்ப வேண்டாம்.

குறுகிய ஃபெலோஷிப் உண்மையிலேயே பொருந்தும் இடங்களும் உண்டு. பொது மருத்துவராகவே இருந்து வண்ணாரப்பேட்டையில் கிளினிக் வைக்கப் போகிறீர்கள் என்றால் நீரிழிவில் ஒரு வருடம் நல்ல முதலீடு. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்க விரும்பினால், இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் பயிற்சிகளுக்கு மருத்துவமனைகளில் மதிப்பு இருக்கிறது. இவற்றில் ஒருவர் தம் எம்.டி. படிப்பின் எல்லைக்குள்ளேயே கூர்மை பெறுகிறார். வேறொரு துறையின் நிபுணர் என்று உரிமை கோருவதில்லை. அந்த வேறுபாடு முக்கியம்.

வேலை நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1992-இல் மத்திய அரசு ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று எழுதியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகளோ நியாயமான வேலை நேரம் என்பதோடு நின்றுகொள்கின்றன. புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் இரண்டையும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் டி.எம். மாணவருக்கு அரசு உதவித்தொகையும் விடுப்பு உரிமையும் எழுத்தில் இருக்கின்றன. தனியார் ஃபெலோவுக்கு அந்த மருத்துவமனையின் கடிதம் ஒன்றுதான் பாதுகாப்பு. சில இடங்களில் சம்பளம் பெயரளவுக்கே, சில இடங்களில் பயிற்சிக் கட்டணம் என்று கேட்கிறார்கள். இரவில் ஐ.சி.யூ. பார்க்க டியூட்டி டாக்டர் கிடைக்காத மருத்துவமனை அந்த வேலைக்கு ஃபெலோ என்று பெயர் வைத்து ஆள் எடுப்பதை நான் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஆகவே பதில் கடிதம் எழுதுவதற்கு முன், இப்போது அங்கே ஃபெலோவாக இருப்பவரையும் சென்ற ஆண்டு முடித்தவரையும் மருத்துவமனைக்கு வெளியே சந்தியுங்கள். தலைமை நிபுணர் முன்னிலையில் அவர்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ‘உதவினார்’ என்றும் ‘தாமே செய்தார்’ என்றும் தனித்தனியே குறித்திருக்கிறதா என்று பாருங்கள், குறித்திருந்தால் இரண்டாவதை மட்டும் கூட்டுங்கள். வாரத்தில் எத்தனை இரவுகள் ஐ.சி.யூ.விலோ வார்டிலோ கழிகின்றன, எத்தனை காலைகள் எண்டோஸ்கோப்பி அறையில் கழிகின்றன என்று கேளுங்கள். முடித்தவர் இப்போது எங்கே, என்ன பதவியில் இருக்கிறார் என்பதையும் கேட்டு வையுங்கள். அவரும் அடுத்த நீட் எஸ்.எஸ். தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார் என்று தெரியவந்தால், அந்த ஒரு வருடத்தை நீங்கள் சீனியர் ரெசிடென்ட் வேலையிலேயே செலவிடலாம்.